செண்பகம் ரிப்போர்ட் புதுசு

முப்பத்தேழுலயே நிக்குது. அஞ்சு நிமிஷமா முப்பத்தேழு. முப்பத்தெட்டுக்குப் போனா உனக்கு என்ன சொத்தா கரைஞ்சுபோகும், நகரேன். நீலக் கோடு ஒண்ணு, அதுக்குக் கீழ ‘உங்கள் கோப்பு மாற்றப்படுகிறது, தயவுசெய்து காத்திருக்கவும்’னு தமிழ்ல வேற. தயவுசெய்தாம். காத்திருக்கத்தானே செய்றேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு. மணி பன்னெண்டு பத்து. ஒரு மணிக்குள்ள முடிஞ்சாகணும். சொல்லப்போனா பெரிய வேலை ஒண்ணும் இல்லை. லேப்ல கேட்டு என் மெயிலுக்கு வாங்கினது பி.டி.எஃப். அதைப் பாக்கலாம், படிக்கலாம், ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது. அதை வேர்டு ஃபைலா மாத்தணும். வேர்டுல ஒரே ஒரு வார்த்தையைத் தூக்கிட்டு அந்த எடத்துல வேற வார்த்தையை வைக்கணும். திரும்ப பி.டி.எஃப் ஆக்கி அக்கா போனுக்கு அனுப்பணும். அவ்வளவுதான். இருபத்து நாலு வருஷமா இந்தப் பாலிடெக்னிக் ஆபீஸ்ல நான் குப்பை கொட்டுறதே இப்படித்தான். புது லெட்டர்னு ஒண்ணை இங்க எவனும் டைப் அடிச்சதே கிடையாது. போன வருஷத்து லெட்டரைத் திற, பேரை மாத்து, தேதியை மாத்து, பிரிண்ட் போடு. எத்தனை ஆயிரம் பசங்களுக்கு ‘நடத்தை நன்று’ன்னு கொடுத்திருப்பேன், எல்லாம் ஒரே ஃபைல்தான். அதனாலதான் மாமா நேத்து சாயங்காலம் சொன்னாரு, சிதம்பரம், நீ கம்ப்யூட்டர்லயே உக்காந்திருக்கிற ஆளு, உனக்கு இது ஒரு விஷயமான்னு. விஷயமே இல்லைதான் மாமா. நாப்பத்தொண்ணு. ஆங், நகந்துருச்சு.

மாமான்னா அக்கா வீட்டுக்காரரு. அக்கா செண்பகம், என்னைவிட ஆறு வயசு மூத்தவ, வர்ற மாசியோட அம்பத்தெட்டு முடியுது. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி குளிக்கும்போது நெஞ்சுப் பக்கம் ஏதோ கட்டியாக் கையில தட்டுப்பட்டிருக்கு. மாமாகிட்டச் சொல்லியிருக்கா, மாமா பயந்துபோய் டாக்டர்கிட்ட, டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்து லேபுக்கு. திங்கட்கிழமை ரிப்போர்ட் வாங்கப் போன மனுஷன் அங்க இருந்து எனக்குப் போன் பண்ணி, வா, உடனே வான்னாரு. நான் போனப்ப தில்லைநகர்ல ஒரு டீக்கடை வாசல்ல நிக்கிறாரு, கையில ஆறிப்போன டீ, ஆடை கட்டிப்போய். அந்தக் கவரை எங்கிட்ட நீட்டினாரு. நான் படிச்சேன். ரோட்டுல பஸ் போகுது, ஆள் போகுது, அவரு அறுவத்து மூணு வயசு மனுஷன், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரு, மூக்கைச் சட்டையில துடைச்சுக்கிட்டு, அவளுக்குத் தெரியக் கூடாதுடா, தெரிஞ்சா அவ அன்னைக்கே பாதி செத்துருவாடாங்கிறாரு. நானும் ஆமா மாமான்னேன். ஏன் ஆமான்னேன்? வீட்டுக்குப் போய்ச் சாதாரணக் கொழுப்புக் கட்டி, ஒண்ணும் பயமில்லை, ஆனாலும் எடுத்துரச் சொல்றாங்க, அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன ஆபரேஷன்னு சொல்லியாச்சு. அவளும் சரின்னுட்டா. சரின்னவ சும்மா இருக்க வேண்டியதுதானே. நேத்துல இருந்து ஒரே பாட்டு, ரிப்போர்ட்டைக் காட்டு, ரிப்போர்ட்டைக் காட்டுன்னு. மாமா என்னடான்னா அது சிதம்பரத்துகிட்ட இருக்குன்னு எம்மேல தள்ளிவிட்டுட்டாரு. இன்னைக்குக் காலையில நான் பைக்கை ஸ்டாண்டு போடுறதுக்குள்ள போன். ஒரு மணிக்கு எதிர்வீட்டு எஸ்தர் சிஸ்டர் வர்றாங்க, அதுக்குள்ள வாட்ஸப்ல போட்டுரு, நல்ல ரிப்போர்ட்தானே, காட்டுறதுக்கு என்னடாங்கிறா. எஸ்தர் சிஸ்டர் முப்பது வருஷம் நர்ஸா இருந்தவங்க. அவங்க கண்ணுலயும் மண்ணைத் தூவுற மாதிரி இருக்கணும். நல்லா மாட்டினேன்.

எழுவத்தஞ்சு. எண்பது. அட, இப்ப என்ன ஓட்டம், முன்னாடியே ஓடினா என்னவாம். நூறு. முடிஞ்சதுன்னு பச்சையில டிக்கு. எங்க டவுன்லோட்? மேல ஒரு பச்சைப் பட்டன் டவுன்லோடுங்குது, பக்கத்துல அதைவிடப் பெருசா இன்னொண்ணு, கீழ சிவப்புல ஒண்ணு. பெருசை அமுக்கினா உங்க கம்ப்யூட்டர்ல ஏழு வைரஸ் இருக்குன்னு அலறுது. ஆபீஸ் ஸ்பீக்கர் வேற போட்டுத் தொலைச்சிருக்கேன். அந்தக் கோடி மேஜையில சாப்பாட்டு டப்பாவைத் திறந்துக்கிட்டிருந்த பிரிசில்லா மேடம் நிமிந்து பாக்குறாங்க. ஒண்ணுமில்லை மேடம், ஒரு சர்க்குலர்னு ஒரு சிரிப்புச் சிரிச்சு வச்சேன். மூடு, மூடு, மூலையில அந்த எக்ஸ் எங்க இருக்கு, கடுகளவுக்கு வச்சிருக்கான், அதை அமுக்கப் போனா மூட்டுவலித் தைலம். எனக்கு மூட்டுவலின்னு எப்படித் தெரிஞ்சுச்சு. திரும்பப் பழைய பக்கம். இப்ப நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்கணுமாம். பஸ் இருக்கிற கட்டத்தையெல்லாம் தொடணும். மூணு பஸ்ஸைத் தொட்டேன். தப்பாம். நாலாவது கட்டத்துல பஸ்ஸோட கண்ணாடி மட்டும் ஒரு ஓரமா துருத்திக்கிட்டு இருக்கு, அதுவும் பஸ் கணக்குலதான் சேருமாம். அக்காவை நெனச்சு எனக்கு நாலு நாளா ஒழுங்கா ஒரு வாய் சோறு இறங்கலை, இவனுக்கு நான் மனுஷன்தானான்னு சந்தேகம். தொட்டேன்டா, கண்ணாடியையும் தொட்டேன், குடு. குடுத்துட்டான். பன்னெண்டு இருபத்தொண்ணு.

திறந்தா ஒரே அலங்கோலம். லேப் பேரு மேல நடுவுல பெருசா இருந்துச்சுல்ல, அது போய் ஒரு ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. கட்டம் கட்டமா இருந்ததெல்லாம் ஒடைஞ்சு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. வயசு இருக்க வேண்டிய எடத்துல டாக்டர் பேரு. வரியெல்லாம் எங்க எங்கயோ முறிஞ்சு, பாதி வார்த்தை இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். ஒழுங்கா இருந்ததை ஒழுங்கா மாத்தத் தெரியாதவன் எதுக்குடா கடை திறந்து வச்சிருக்க. ஒவ்வொண்ணா இழுத்து, நகத்தி, எழுத்தைச் சின்னதாக்கி, கட்டத்தைத் திரும்பக் கட்டி. இதைச் செய்யும்போதுதான் படிக்க வேண்டியிருக்கு. திங்கட்கிழமை அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான் பாத்தேன், மத்ததையெல்லாம் கண்ணு தாண்டிப் போயிருச்சு. இப்ப வரி வரியாத் தூக்கி வைக்கணும். இடது பக்கம்னு இருக்கு. எத்தனை சென்டிமீட்டர்னு இருக்கு. எத்தனை மணித் திசையில இருக்குன்னுகூட எழுதியிருக்கான், கடிகாரம் மாதிரி கணக்கு வச்சு. எங்க அக்காடா அவ. என் அக்காவோட உடம்பைப் பத்தி ஒரு தம்பி படிக்கிற விஷயமா இதெல்லாம். எனக்கு எட்டு வயசுல அவ தாவணி போட ஆரம்பிச்சதும் நானா ரூமைவிட்டு வெளிய வந்து கூடத்துல படுத்துக்கிட்டேன், யாரும் சொல்லலை. அப்படி இருந்துட்டு இப்ப இந்தப் பாலிடெக்னிக் ஆபீஸ்ல, டியூப்லைட் வெளிச்சத்துல, பிரிசில்லா மேடம் எலுமிச்சம்பழ ஊறுகாய் வாசனையில, அந்த வரியைச் சுட்டியால பிடிச்சு நேராக்கிக்கிட்டிருக்கேன். கூச்சமா இருக்கு. கூச்சப்பட்டுக்கிட்டே பண்றேன். மாமா பண்ணலாம்ல, புருஷன்தானே. அவருக்கு மெயில் திறக்கவே தெரியாது. முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினவரு.

அந்த வார்த்தை. கார்சினோமா. புத்துநோயைத்தான் அப்படி எழுதியிருக்கான். அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை துணைக்கு. இதை எடுத்துட்டு எதை வைக்கிறது? நேத்து ராத்திரி போன்ல தேடித் தேடி ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கேன், ஃபைப்ரோஅடினோமான்னு, ஆபத்தில்லாத கட்டியாம். ஆனா அது சின்ன வயசுப் பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருமாம். எஸ்தர் சிஸ்டர் ஒரு நிமிஷம் யோசிச்சா போச்சு. யோசிக்க மாட்டாங்க. நல்ல சேதின்னா யாரு யோசிக்கிறா. அழிச்சேன், அடிச்சேன். முதல் பக்கத்துல ஒரு எடம், ரெண்டாவது பக்கம் மேல ஒரு எடம். இன்னும் எங்கயாவது இருக்கான்னு தேடச் சொன்னேன், கம்ப்யூட்டர் தேடிப் பாத்துட்டு அப்படி எதுவுமே இல்லைன்னுருச்சு. இல்லை. ஒரு நிமிஷம் அந்தத் திரையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பேரு செண்பகம், வயசு அம்பத்தேழு, முடிவு ஒண்ணுமில்லாத கட்டி. படிக்கப் படிக்க நெஜமாவே அப்படித்தான்னு தோணுது எனக்கு. இந்த எழுத்து, இந்தக் கட்டம், லேப் பேரு, எல்லாம் அதேதான் இருக்கு. டாக்டரே இப்படி எழுதிக் கொடுத்திருந்தா என்ன கெட்டுப்போச்சு. நான் ஒரு வார்த்தையை மாத்தினதுக்கு நாலு செகண்டு ஆச்சு. அய்யோ, அழுகை வருது, இங்க வேண்டாம், தண்ணியைக் குடி. குடிச்சேன்.

அம்மாவுக்கும் இப்படித்தான் செஞ்சோம். எங்க குடும்பத்துல இது என்ன புதுசா. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, கல்லீரல்ல இதே நோய். அப்ப ஆள் நிறுத்திக் காவல் காத்த மாதிரி காத்தது யாரு, இதே அக்காதான். ஆஸ்பத்திரி வார்டு வாசல்ல நின்னுக்கிட்டு, வர்ற சொந்தக்காரங்களையெல்லாம் மடக்கி, அழுறதுன்னா இங்கயே அழுதுட்டு உள்ள போங்க, உள்ள போய் வயித்துப்புண்ணு சரியாயிரும்னு சொல்லணும், மூக்கை உறியக் கூடாதுன்னு ஒவ்வொருத்தருக்கும் பாடம். கருமாதிக்கு வந்த மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்த சித்தப்பாவைத் திருப்பியே அனுப்பிட்டா. கட்டில் தலைமாட்டுல தொங்குற கேஸ் ஷீட்டை எடுத்து நர்ஸுங்க மேஜையில மாத்திரைச் சீட்டுக்குக் கீழ ஒளிச்சு வைப்பா. மருந்துப் பாட்டில் லேபிளைக்கூடத் தண்ணியில நனைச்சுக் கிழிச்சா. அம்மா ஒருநாள் நான் மட்டும் இருந்தப்ப, என்னடா சிதம்பரம், எல்லாரும் உள்ள வந்து ஒரே மாதிரி சிரிக்கிறீங்கன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன்? சும்மாதாம்மான்னேன். அம்மா என்னையே பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் பதினோரு நாள்தான். கடைசி வரைக்கும் எதுவும் கேக்கலை. தெரிஞ்சு கேக்கலையா, தெரியாமக் கேக்கலையா, இன்னைக்கு வரைக்கும் விளங்கலை. இதை அக்காகிட்ட நான் சொன்னதே இல்லை. சொல்லி என்ன ஆகப்போகுது. இப்ப அவளுக்கே அவ பண்ணினதைப் பண்றோம். வாசல்ல நின்னு பாடம் நடத்தினவளுக்கு இந்தத் தகிடுதத்தமெல்லாம் தெரியாமலா போகும். என் பயமே அதுதான். எஸ்தர் சிஸ்டரைக்கூட ஏமாத்திரலாம், இவளை எப்படி ஏமாத்துறது.

சரி, அதை அப்புறம் பாப்போம், பன்னெண்டு முப்பத்தெட்டு ஆயிருச்சு. இப்ப வேர்டை பி.டி.எஃப் ஆக்கணும். வேர்டுலயே பண்ணலாமே, சேவ் அஸ் போட்டா முடிஞ்சது. இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்லயா? இதுல இருக்கிறது எந்தக் காலத்து வேர்டோ, அந்த வசதியே கிடையாது, நாலு வருஷமா கேட்டு லெட்டர் எழுதுறேன், அதுவும் பழைய லெட்டரைத் திறந்து தேதியை மாத்தித்தான். திரும்ப அந்தத் தயவுசெய்து காத்திருக்கவும்கிட்டயே போகணும். போனேன். இன்றைய இலவச மாற்றங்கள் முடிந்துவிட்டன, நாளை மீண்டும் வருகங்குது. என்ன, ஒண்ணே ஒண்ணுதானே மாத்தினேன். காலையில ஒருத்தரம் பாதியில அத்துப்போச்சே, அதையும் சேத்துட்டான் பாவி. நாளைக்கு வந்து என்னத்துக்கு ஆகும் எனக்கு. வேற ஒருத்தனைத் தேடு. இருக்கானுங்க ஆயிரம் பேரு. ஒருத்தன் முதல்ல உங்க மெயிலைக் கொடுங்கிறான், இன்னொருத்தன் போன் நம்பரைக் கொடுங்கிறான், மூணாவது ஒருத்தன் மாத்திக் கொடுத்துட்டுப் பக்கம் முழுக்கக் குறுக்கால அவன் கடை பேரைச் சாம்பல் கலர்ல அடிச்சுக் கொடுக்கிறான். அக்கா ரிப்போர்ட்டுல உன் பேரு எதுக்குடா. நாலாவது ஒருத்தன் பரவாயில்லை போல இருக்கு, உங்க கோப்புகள் ரெண்டு மணி நேரத்துல அழிக்கப்படும்னு சத்தியம் பண்றான். எங்க அழிப்ப? எங்க வச்சிருக்க இப்ப? இது எந்த ஊருல, எந்த தேசத்துல, எந்தக் கட்டடத்துல இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போகுதோ. எங்க அக்கா பேரு, வயசு, உறையூர்த் தெரு, இடது பக்கம், எத்தனை சென்டிமீட்டர், எல்லாம் எவன்கிட்டயோ போய்ச் சேந்திருச்சு. நெஜமானதும் போயிருச்சு, பொய்யும் போயிருச்சு. உலகத்துல எல்லாருக்கும் தெரியலாம், அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. நல்லா இருக்குடா உங்க நியாயம்.

இனிமே என்ன பண்ணப்போறோம்னு எவனாவது யோசிச்சானா. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்னு கூட்டிட்டுப் போவோம். அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே போர்டு வச்சிருப்பானே, அதை எதைப் போட்டு மூடுறது. ஆபரேஷனுக்கு அப்புறம் மருந்து ஏத்தணும்னு டாக்டர் மாமாகிட்டச் சொல்லியிருக்காரு. முடி கொட்டும். அப்ப என்ன சொல்லுவீங்க மாமா, தண்ணி ஒத்துக்கலைன்னா? கேட்டா, அதை அப்பப் பாத்துக்கலாம்டாங்கிறாரு. கயலுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டா அதுக்கும் அப்பப் பாத்துக்கலாம். கயல் அவங்க ஒரே பொண்ணு, பெங்களூர்ல இருக்கா, எட்டாம் மாசம். ரத்தக்கொதிப்பு ஏறிப்போய் டாக்டரு கட்டிலைவிட்டு எறங்கவே கூடாதுன்னுட்டாரு, அதனால வளைகாப்பை அங்கயே சுருக்கமா முடிச்சுட்டு வந்தோம். இன்னும் பதினஞ்சு நாள்ல அக்கா அங்க போய்ப் பக்கத்துல இருக்கிறதா ஏற்பாடு. இப்ப எங்கருந்து போறது. எல்லாத்தையும் அப்பப் பாத்துக்கலாம், ரிப்போர்ட்டை மட்டும் இப்பவே சிதம்பரம் மாத்தணும். எரிச்சலா வருது. மாமா மேலயா, இந்தக் கடைக்காரன் மேலயா, எம்மேலயேதானா. டீக்கடை வாசல்ல வச்சு, வேண்டாம் மாமா, சொல்லிருவோம்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும். சொல்றதுக்கு வாய் வரலை. இப்பவும் வராது. அவ எதுத்தாப்ல உக்காந்து என் மூஞ்சியைப் பாக்கையில அந்த வார்த்தையை நான் என் வாயால சொல்றதுக்கு இந்தப் பித்தலாட்டம் எவ்வளவோ தேவலை. கோழைப்பய. சொல்லிக்கோ, யாருக்குக் கேக்கப்போகுது.

நூறு. அட, இவன் நல்லவன், ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டான், பஸ்ஸும் கேக்கலை, தைலமும் விக்கலை. திறந்து பாத்தேன். முதல் பக்கம் சுத்தம். ரெண்டாம் பக்கம் அடியில டாக்டர் கையெழுத்துக்கு மேல ஒரு பாரா கொஞ்சம் நெருக்கிக்கிட்டு நிக்குது, வரி முறிஞ்சு முறிஞ்சு இருக்கு, அதைச் சரிபண்ண உக்காந்தா ஒரு மணி தாண்டிரும். இருக்கட்டும். யாரு அதையெல்லாம் பாக்கப்போறா. ஃபைலுக்குப் பேரு கேட்டுச்சு. ‘செண்பகம் ரிப்போர்ட் புதுசு’ன்னு அடிச்சுட்டு, அய்யய்யோ புதுசுன்னா பழசு ஒண்ணு இருக்குன்னு காட்டிக்கொடுத்துருமேன்னு அந்தப் புதுசை அழிச்சேன். பன்னெண்டு அம்பத்தாறு. வாட்ஸப். அக்கா. காலையில அவ அனுப்பின ரோஜாப்பூ குட்மார்னிங் நிக்குது, அதுக்குக் கீழ இதைப் போடணும். அமுக்கினேன். ஒரு டிக்கு. ரெண்டு டிக்கு. பிரிசில்லா மேடம் கையைக் கழுவிட்டு வந்து, என்ன சார், சாப்பிடலையா, மூஞ்சியே சரியில்லையேங்கிறாங்க. பசிக்கலை மேடம்னேன். ரெண்டும் நீலமாச்சு. பாத்துட்டா. இப்ப எஸ்தர் சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாங்கிப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. டைப் செய்றாருன்னு காட்டுச்சு, நின்னுருச்சு. திரும்பக் காட்டுச்சு, திரும்ப நின்னுருச்சு. ஒரு மணி அஞ்சு. ஒரு மணி எட்டு. என்னடா இது, நல்லதுன்னா நல்லதுன்னு ஒரு வார்த்தை அனுப்புறதுக்கு இவ்வளவு நேரமா.

போன் அடிக்குது. அக்காதான். எடுத்ததுமே நான் முந்திக்கிட்டேன், பாத்தியாக்கா, சாதாரணக் கட்டின்னுதான் போட்டிருக்கு, நான்தான் அன்னைக்கே சொன்னேனேன்னு. குரல் கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சு, பிரிசில்லா மேடம்கூடத் திரும்பினாங்க.

“நல்லாத்தான்டா பண்ணியிருக்க”ன்னா அக்கா.

பண்ணியிருக்கன்னா என்ன அர்த்தம்.

“ரெண்டாம் பக்கம் அடியில, கையெழுத்துக்கு மேல பாரு. அங்க ஒண்ணை விட்டுட்ட. வரி முறிஞ்சு பாதி மேலயும் பாதி கீழயும் இருக்கு, அதான் உனக்குத் தெரியலை. எனக்கு அந்த வார்த்தையோட ஒவ்வொரு எழுத்தும் இப்ப மனப்பாடம்.”

அவ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறா, காய்கறி வாங்கினதைச் சொல்ற மாதிரி. லேப்ல ஃபாரம் கொடுத்தாங்கள்ல, அதுல போன் நம்பர் எழுதினது மாமா இல்லையாம், இவளாம். திங்கட்கிழமை மத்தியானமே இவ போனுக்கு ரிப்போர்ட் வந்திருச்சாம். மாமா டீக்கடை வாசல்ல மூக்கைத் துடைச்சுக்கிட்டு நின்னாரே, அந்த நேரத்துக்கு இங்க எஸ்தர் சிஸ்டர் இவளை நாற்காலியில உக்கார வச்சு வரி வரியாப் படிச்சுச் சொல்லி முடிச்சிருக்காங்க. இன்னைக்கு எஸ்தர் சிஸ்டர் வரவும் இல்லை ஒண்ணும் இல்லை. கொழுப்புக் கட்டின்னு நாங்க ரெண்டு பேரும் போய் நின்னு சொன்னப்ப சரின்னாளே, அது எல்லாம் தெரிஞ்சுதான்.

“அப்புறம் எதுக்குக்கா எங்கிட்ட ரிப்போர்ட் கேட்ட?”

“கயலுக்குடா. தினம் ரெண்டு தடவை போன் பண்ணி, ரிப்போர்ட்டை அனுப்பும்மா, அனுப்பும்மாங்கிறா. எனக்கு இதெல்லாம் மாத்தத் தெரியுமா? உங்கிட்டக் கேட்டா நீ எப்படியும் நல்லதா ஒண்ணு தயார் பண்ணிருவன்னு எனக்குத் தெரியும். அந்த ஒண்ணையும் எடுத்துட்டு அனுப்பு. அவ கடைசி வரி வரைக்கும் படிக்கிறவ. பிள்ளை பொறக்கட்டும்.”

நான் சரின்னேன். அப்புறம் என்னையும் அறியாம, உனக்குப் பயமா இல்லையாக்கான்னு கேட்டுட்டேன்.

“பயமாத்தான் இருக்கு. நாலு நாளாத் தூக்கமே இல்லை. உங்க மாமாவும் தூங்கலை, நான் பாத்துருவேன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுப் படுத்திருக்காரு. எனக்குத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லிராத, தாங்க மாட்டாரு.” கொஞ்சம் மூச்சு வாங்கினா. “செவ்வாய்க்கிழமை நீ லீவு போட்டுட்டு வா. அவரு முன்னாடி நான் தெரியாத மாதிரியே இருக்கணும். கூட ஒரு ஆளாவது வேணும்ல எனக்கு.”

வர்றேன்க்கான்னேன். சரி, மொதல்ல இதை முடிங்கிறா. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு ஃபைலைத் திறந்தேன். ரெண்டாம் பக்கம், அடியில, கையெழுத்துக்கு மேல. இருக்கு. ஒரு வரி முடிவுல பாதி, அடுத்த வரி ஆரம்பத்துல மீதி. மேல இருந்ததை ஒவ்வொரு எழுத்தா அழிச்சேன். கீழ இருந்ததையும் அழிச்சேன். கண்ணு மறைக்குது, துடைச்சுக்கிட்டு அந்த இன்னொரு வார்த்தையை அடிக்கிறேன். அக்கா போனை வைக்கலை. நான் தட்டுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு லைன்லயே இருக்கா.